எழுப்பாமல் விட்ட காமன்

பாக்கியம் தொலைபேசியில் அழவில்லை. "சார், அண்ணன் போயிட்டாரு. நாளைக்கு எடுக்குறோம். வந்துருங்க" என்றார். அப்படியே தொடர்ந்தார்: "வவுனியாவுக்கு அங்கிட்டு பாதைய மறுபடி மூடிட்டாங்களாம். ரேடியோவுல சொன்னாங்க, கேட்டீங்களா?" கேட்டேன் என்றேன். "அப்ப அவரு இப்போதைக்கு வர மாட்டாரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"அவரு" என்று அவர் சொன்னது தன் கணவர் மாரிமுத்துவை. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் வடக்கே போய்த் திரும்பாதவர். அண்ணன் ராமலிங்கத்தின் சாவையும் பாதை மூடியதையும் பாக்கியம் ஏன் ஒரே மூச்சில் சொன்னார் என்பது, ஹோட்டலில் எங்களோடு வேலை செய்த பழையவர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்காகவும், முக்கியமாக ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் மயானம் போகும் வழியிலேயே "காமன எரிச்சுட்டு விட்டுட்டு ஓடியாந்தவன்தானே" என்று முணுமுணுத்த அந்தப் பெரிய மனிதருக்காகவும் இதை எழுதுகிறேன். அன்றைக்குச் செத்த வீட்டில் சண்டை பிடிக்கக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். எழுதும்போது கடிக்க வேண்டியதில்லை.

கண்டியில் ஏரிக்கு மேலே, மலைச்சரிவில் இருந்த அந்த ஹோட்டலில் நான் வரவேற்பு மேசையில் இருந்தேன். ராமலிங்கம் சலவைப் பகுதியில் துணி தேய்ப்பவர். நான் யாழ்ப்பாணத்தான், அவர் தோட்டத்துக்காரர். இரண்டு பேரும் தமிழர் என்பதைத் தவிர ஆரம்பத்தில் எங்களுக்குள் பெரிய ஒட்டுறவு இருக்கவில்லை. நான் பேசுவதை அவர் சரியாகப் பேசிக் காட்டிச் சலவைக்காரர்களைச் சிரிக்க வைப்பார் என்று கேள்விப்பட்டு, சில காலம் முகம் கொடுத்தும் கதைக்காமல் இருந்தேன். பிறகு ஒருநாள் அவரே என் முன்னால் அதைச் செய்தார். அவர் வாயில் என்னைவிட நன்றாகவே நான் பேசினேன்!

மலைநாட்டுத் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து ஆடுவார்கள். தவத்தைக் கலைத்த காமனைச் சிவன் எரிக்க, அவன் மனைவி ரதி அழுது மன்றாடி, மூன்றாம் நாள் அவனை உயிரோடு திரும்பப் பெறும் கதை. ஹுன்னஸ்கிரியவில் ரதி வேஷம் ராமலிங்கத்துக்கு. காமன் அவருடைய தங்கை புருஷன் மாரிமுத்து. சேலை கட்டி ராமலிங்கம் அழத் தொடங்கினால், கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கைகளெல்லாம் முந்தானையைத் தேடும் என்பார்கள். அவருக்குத் தன் குரலைப் பற்றிக் கர்வம் உண்டு. "எனக்கு மீச நல்லா வராது சார், அதுக்குப் பதிலா ஆண்டவன் தொண்டையக் குடுத்துட்டான்" என்பார்.

எங்கள் மனேஜர் ஒரு தோட்டத்துரையின் விருந்தாளியாகப் போன இடத்தில் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டார். கண்டியில் அப்போது எல்லா ஹோட்டல்களிலும் அதே மேளம், அதே நடனம், அதே தீமிதிப்பு. தன் புல்வெளியில் புதிதாக ஒன்று வேண்டும் என்பது அவருடைய ஆசை. தன்னுடைய சலவைக்காரனே ரதி என்று தெரிந்ததும் துள்ளிக் குதித்தார். அரைமணி நேரத்துக்குள் சுருக்கச் சொன்னார். சுருக்குவதற்கு ராமலிங்கம் ஒத்துக்கொண்டார். நெருப்போடு முடிக்க வேண்டும், அதற்குப் பிறகு வெள்ளைக்காரர்களுக்குப் பசிக்கும் என்று மனேஜர் சொன்னபோதுதான் சண்டை வந்தது.

"எரிச்சவன எந்திரிக்க வைக்காம நாங்க வீட்டுக்குப் போக முடியாதுங்க."

"ஏன் முடியாது? அதுதான் நாடகமாயிற்றே!"

"ஒங்களுக்கு நாடகம். அவன் கையில காப்புக் கட்டியிருக்கேன். எழுப்பித்தான் காப்ப அறுக்கணும். இல்லேன்னா எரிஞ்சவன் எரிஞ்சவன்தான்."

மஞ்சளில் நனைத்த நூலில் மஞ்சள் கிழங்குத் துண்டு ஒன்றைக் கோத்து, ஆட வருகிறவர் கையில் கட்டுவார்கள். அதுதான் காப்பு. கட்டியதிலிருந்து மச்சம் மாமிசம் தொடக் கூடாது. காமனை எழுப்பித் திருநீறு பூசிய பிறகுதான் அவன் கையிலிருந்து அது அவிழும். ஆடி மாதத்தில், ஹோட்டல் புல்வெளியில், அரைமணி நேரத்துக்கு ஆடினாலும் இந்த விஷயத்தில் ராமலிங்கம் விட்டுக்கொடுக்கவில்லை. மாசியில் ஆட வேண்டியதை ஆடியில் ஆடுகிறான் என்று தோட்டத்துப் பெரியவர்கள் ஏற்கெனவே அவர் மேல் கறுவிக்கொண்டுதான் இருந்தார்கள். கடைசியில் மனேஜர் ஒரு வழி சொன்னார். எரிப்பது புல்வெளியில், விருந்தாளிகள் முன்னால். எழுப்புவது குசினிக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில்.

அந்தப் பின்முற்றத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இன்னும் இருக்கிறீர்கள்? புல்வெளியில் வைக்கோல் எரிந்து அடங்கும். மாரிமுத்து வெள்ளைத் துணிக்கடியில் கிடப்பார். கைதட்டிவிட்டு வெள்ளைக்காரர்கள் சாப்பாட்டு அறைக்குள் போவார்கள். உடனே தப்படிப்பவர்கள் மாரிமுத்துவைத் துணியோடு தூக்கிக்கொண்டு குசினிக்குப் பின்னால் கொண்டுபோய்க் கிடத்துவார்கள். ராமலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்து, முன்னால் பாடாமல் அடக்கிவைத்த மீதியைப் பாடுவார். சோறு பரிமாற வேண்டிய நேரத்தில் சமையல்காரர் சோமபால அகப்பையோடு வாசலில் நிற்பார். ஒரு சொல் விளங்காது, கண் கலங்கும். சில நாட்களில் மாரிமுத்து துணிக்கடியில் உண்மையாகவே தூங்கிக் குறட்டை விடுவதும் உண்டு. "எந்திரிடா, எமனே ஒன்னத் திருப்பி அனுப்பிட்டான்" என்று ரதியே காலால் ஒரு உதை விடுவாள். எழுப்பியான பிறகு எல்லாரும் சாப்பிடுவோம். என் வாழ்க்கையில் நான் ஹோட்டலில் சாப்பிட்ட நல்ல சாப்பாடெல்லாம் அந்தப் பின்முற்றத்தில்தான்.

ஒரு ஜெர்மன் அம்மா ரதியின் அழுகையைப் பார்த்துத் தானும் அழுது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அடுத்த நாள் காலையில் அதே அம்மா சலவைப் பகுதிக்கு வந்து, சட்டை மடிப்பு சரியில்லை என்று ராமலிங்கத்தை வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் சமாதானம் சொல்லப் போனேன். ராமலிங்கம் இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். "நேத்து புருசன் செத்ததுக்கு எங்கூட அழுதாங்க சார். இன்னைக்கி மடிப்புக்குத் திட்டுறாங்க. ரெண்டும் மனசாரத்தான் செய்யறாங்க" என்றார். அவருக்கு யார் மேலும் கோபம் நிலைக்காது, மனேஜர் ஒருவரைத் தவிர.

கலவரம் கண்டிக்கு வந்த அன்றும் கூத்து இருந்தது. கொழும்பு எரிகிறது என்று முதல் நாளே கேள்விப்பட்டிருந்தோம். காலையில் நகரம் சும்மாதான் கிடந்தது. தோட்டத்திலிருந்து மாரிமுத்துவும் தப்புக்காரர்களும் வந்துவிட்டார்கள். விருந்தாளிகள் பயந்துவிடக் கூடாது, நிகழ்ச்சி வழக்கம்போல நடக்கட்டும் என்று மனேஜர் சொன்னார். இருட்டுவதற்கு முன் முடிப்பதற்காக அன்றைக்கு மட்டும் தேநீர் வேளையிலேயே ஆட்டம் தொடங்கியது. வைக்கோலுக்குத் தீ வைத்து, மாரிமுத்து விழுந்து, துணியைப் போர்த்தினார்கள். அப்போதுதான் கீழே நகரத்திலிருந்து புகை எழும்பியது. முதலில் ஒன்று, பிறகு பல இடங்களில். புல்வெளி நெருப்பையும் அதற்குப் பின்னால் நகரத்துப் புகையையும் சேர்த்து ஒருவர் படம் எடுத்ததை நான் பார்த்தேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

பின்முற்றத்துக்கு மாரிமுத்துவைக் கொண்டுபோனபோது, மரக்கறி கொண்டுவந்த லொறி புறப்பட நின்றது. தோட்டத்து ஆட்களை மாத்தளைப் பக்கம் கொண்டுபோய்விடச் சாரதி சம்மதித்திருந்தான். ஆனால் அந்த நிமிடமே என்றான். கடைத்தெருவில் ஆட்களை மறித்துக் கையைப் பார்க்கிறார்கள், மஞ்சள் நூல் இருந்தால் தமிழன் என்று தெரிந்துகொண்டு விட மாட்டார்கள் என்று சோமபால ஓடிவந்து சொன்னார். மாரிமுத்து துணியை விலக்கி எழுந்து உட்கார்ந்திருந்தார். காப்புக் கட்டிய கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"மச்சான், எழுப்பிட்டு அறு."

"நேரம் இல்லடா."

"கொஞ்சமாச்சும் பாடு. ரெண்டு வரி. எரிஞ்சபடி என்னைய அனுப்பாத."

நான் ராமலிங்கத்தின் முகத்தைப் பார்த்தேன். ரதியின் பொட்டு, மை, சேலை எல்லாம் அப்படியே இருந்தன. இந்த ஒரு விஷயத்துக்காக மனேஜரோடு மாதக்கணக்காகச் சண்டை பிடித்த மனிதர் அவர். சோமபாலவின் கையிலிருந்த கத்தியை வாங்கினார். மாரிமுத்துவின் கையைப் பிடித்து இழுத்தார். மாரிமுத்து தர மறுத்து இழுத்தார். இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரி இழுபறிப்பட்டார்கள். கடைசியில் ராமலிங்கம் அவருடைய கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டு, காப்பை அறுத்தார். "நாளைக்கு எழுப்பிக்கலாம்டா. உசுரோட போ, நாளைக்கு எழுப்பிக்கலாம்" என்றார். சோமபால தன் கையிலிருந்த வெள்ளைப் பிரித் நூலை அவிழ்த்து மாரிமுத்துவின் கையில் கட்டினார். அது பன்சலையில் புத்த பிக்குகள் ஓதிக் கட்டிய நூல். லொறியில் முட்டைக்கோவாக் கூடைகளுக்கு நடுவில் மாரிமுத்து உட்கார்ந்துகொண்டு போனதுதான் நாங்கள் அவரைக் கடைசியாகப் பார்த்தது. ராமலிங்கத்தையும் என்னையும் மற்றத் தமிழ் ஊழியர்களையும் மனேஜர் மேல்மாடி அறையொன்றில் வைத்துப் பூட்டிக் காப்பாற்றினார். அந்த நன்றியையும் இங்கே சொல்ல வேண்டும்.

லொறி மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்தது. நடுவழியில் மறித்தவர்கள் வெள்ளை நூலைப் பார்த்து மாரிமுத்துவை விட்டார்கள் என்று தப்புக்காரர்கள் பிறகு வந்து சொன்னார்கள். ஆகவே உயிரோடு போகட்டும் என்று ராமலிங்கம் செய்தது பலித்தது. ஹுன்னஸ்கிரியப் பெரியவர்கள் இதை மட்டும் ஏன் மறந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாரிமுத்து திரும்பி வரப் பயந்து, காணி கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு வடக்கே போன சனத்தோடு வவுனியாவுக்குப் போனார். இடம் பார்த்துவிட்டுப் பெண்சாதியைக் கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பினார். கொஞ்சக் காலம் சேதி வந்தது. பிறகு யுத்தம் வந்தது, சேதி நின்றது.

அதற்குப் பிறகு ராமலிங்கம் சேலை கட்டவில்லை. தோட்டத்தில் என்ன நடந்தாலும், மண் சரிந்தாலும், மாடு செத்தாலும், அரைகுறையாக விட்ட காமன்தான் காரணம் என்றார்கள். அவர் வாய் திறக்கவில்லை. மாரிமுத்து கெஞ்சியதையும், அவர் அறைந்து அறுத்ததையும், லொறி நிற்காததையும் ஒருமுறைகூடத் தோட்டத்தில் சொல்லவில்லை. "நீர் ஏன் சொல்லேல்ல?" என்று கேட்டேன். "அவன் கெஞ்சுனான்னு சொன்னா பாக்கியம் தாங்குமா சார்?" என்றார். இப்போது நான் எழுதிவிட்டேன். பாக்கியத்துக்கு இது தெரியும். எழுதுவதற்கு முன் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

பாக்கியம் வேறொன்றை நம்பினார். ரதி மன்றாடினால்தானே காமன் எழும்புவான்? அண்ணன் பாடவில்லை, அதனால்தான் மாரிமுத்து வரவில்லை. ஒவ்வொரு மாசியிலும் கண்டிக்கு பஸ் ஏறி வந்து, சலவைப் பகுதி வாசலில் நின்று, "எழுப்புண்ணே" என்பார். "ஆளு இல்லாம எப்புடி எழுப்புறது?" என்பார் அண்ணன். போர்நிறுத்தம் வந்து பாதை திறந்தபோது இரண்டு பேரும் வவுனியாவுக்கும் அதற்கு அப்பாலும் போய்த் தேடினார்கள். கிளிநொச்சிப் பக்கம் அப்படி ஒருவரைப் பார்த்தேன் என்றார் ஒருவர். அது வேறு ஆள் என்றார் இன்னொருவர். திரும்பி வந்த ராமலிங்கம் என் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து தேநீரைத் தொடாமலே எழுந்து போனார்.

அந்தக் காலத்தில்தான் வெள்ளைக்காரர்கள் மறுபடி வரத் தொடங்கினார்கள். ஹோட்டல் கைமாறியிருந்தது. புதிய நிர்வாகம் பொறுப்புள்ள சுற்றுலா என்று பேசியது. அங்கே வேலை செய்த ஒரு சிங்களப் பெண் ராமலிங்கத்தைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள். அவரும் நானும் அப்போது ஓய்வு பெற்றிருந்தோம், மொழிபெயர்க்க நான் துணைக்குப் போனேன். எரிப்பதையும் எழுப்புவதையும் முழுதாக, புல்வெளியிலேயே ஆடுங்கள், விருந்தாளிகள் மதுக் கோப்பையைக்கூடக் கையில் வைத்திருக்க மாட்டார்கள், உங்களுடைய முறைதான் எங்களுக்கும் முறை என்றாள். வாய்ச்சொல்லாகத் தெரியவில்லை, அவள் மனதிலிருந்துதான் சொன்னாள். ராமலிங்கம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நல்ல புள்ள சார் இது. அன்னைக்கி இருந்திருக்கணும்" என்றார் என்னிடம். பிறகு அவளைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்: "ஒங்க ஹோட்டல்ல ஒருத்தன் இன்னும் எரிஞ்சுதான் கெடக்கான் தாயி. அவன எழுப்பாம இன்னொருத்தன எரிக்க முடியாது."

நான் அதை அவளுக்குச் சொல்லி முடிக்கச் சிரமப்பட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பின்முற்றத்தை எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள், யாரும் வர மாட்டார்கள் என்றாள்.

படியிறங்கி வரும்போது எனக்குக் கோபம் வந்தது. "இடம் தாறன் எண்டு சொல்லுது அந்தப் பிள்ளை. தங்கச்சி இவ்வளவு காலம் கெஞ்சுது. ஒருக்காப் பாடினால் உமக்கென்ன குறைஞ்சுபோகும்?" என்று கேட்டேன். அவர் மதில் ஓரமாக நின்றுவிட்டார்.

"பயமா இருக்கு சார்."

"என்ன பயம்?"

"பாடலேன்னுதான் அவன் வரலேன்னு இருக்கு இப்ப. பாடியும் வரலேன்னா? அப்புறம் பாக்கியத்துக்கு நான் என்னத்தச் சொல்றது?"

ஏரியைச் சுற்றி நடந்து பஸ் நிலையத்துக்கு வந்தோம்.

ஆனாலும் போன மாசியில் அவர் பாடினார். தொண்டையில் நோய் வந்து, டொக்டர் கைவிரித்த பிறகு. இனிப் பாட முடியாமலே போய்விடும் என்று தெரிந்ததும் அவரே பாக்கியத்துக்குச் சொல்லியனுப்பினார். பிற்பகலில் அந்தப் பின்முற்றத்தில் ஒரு பாயை விரித்து, மேலே வெள்ளைத் துணியைப் போட்டார்கள். துணிக்குக் கீழே ஒன்றுமில்லை. சேலையில்லை, மையில்லை. சாரம் கட்டிய ஒரு மெலிந்த கிழவர் பாயோரம் உட்கார்ந்தார். ஒரேயொரு தப்பு, அதையும் மெதுவாகத்தான் தட்டினார்கள். சோமபால செத்துப் போயிருந்தார். அவர் நின்ற வாசலில் புதுப் பையன்கள் இரண்டு பேர் விளங்காமல் நின்றார்கள். அந்தச் சிங்களப் பெண்ணும் வந்து ஒதுங்கி நின்றாள். எழுந்திருக்கச் சொல்லும் இடத்தில் குரல் இரண்டாக உடைந்தது. அவர் நிறுத்தவில்லை. காற்றாகவும் கரகரப்பாகவும் கடைசி வரி வரை இழுத்துக்கொண்டு போனார். தண்ணீர் தெளித்தார். திருநீற்றை எடுத்த கை, எங்கே பூசுவதென்று தெரியாமல் துணிக்கு மேலே நின்றது.

ராமலிங்கம் தங்கையை நிமிர்ந்து பார்க்கவில்லை. பாக்கியம்தான் எழுந்து வந்து அந்தக் கையிலிருந்த திருநீற்றை வாங்கி அண்ணனுடைய நெற்றியிலேயே பூசினார்.

"சுதி சேரல அண்ணே" என்றார். "தொண்ட கட்டிக் கெடக்கு ஒனக்கு. இதுக்கெல்லாம் அவரு எந்திரிக்க மாட்டாரு. ஒடம்பத் தேத்திக்க. அடுத்த மாசிக்கி ஒழுங்காப் பாடு."

ராமலிங்கம் சிரித்தார். அவர் அவ்வளவு நிம்மதியாகச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. "சரி தாயி" என்றார்.

அவர் அடுத்த மாசியைக் காணவில்லை. தோட்டத்தில் அவரை அடக்கம் செய்துவிட்டு லயத்து வீட்டு வாசலில் நின்றபோது பாக்கியம் என்னிடம் வந்தார். கழுத்தில் தாலி, நெற்றியில் பொட்டு. பக்கத்தில் நின்ற பெண்கள் அதைப் பார்ப்பதையும் பார்வையைத் திருப்புவதையும் அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. "பழைய தப்புக்காரங்க யாரும் இப்ப இல்ல சார். அந்த ஹோட்டல்ல அந்தப் பாட்ட முழுசா கேட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான். பாதை தொறந்ததும் பாடணும். நீங்க பாடுவீங்கல்ல?" என்று கேட்டார். எனக்கு இசை வராது என்பது கண்டியில் எல்லாருக்கும் தெரியும். என் யாழ்ப்பாண வாயில் அந்தப் பாட்டை வைத்து ராமலிங்கம் எத்தனையோ தரம் கேலி செய்திருக்கிறார். "ஓம், வாறன்" என்றேன்.

அன்றிலிருந்து வீட்டில் யாரும் இல்லாத வேளைகளில் அந்த வரிகளை நினைவுபடுத்திச் சொல்லிப் பார்க்கிறேன். முக்கால்வாசி வருகிறது. நண்பர்களே, ராமலிங்கத்தின் குரலை நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் காதில் வைத்திருப்பீர்கள், அதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். எனக்கென்று அவர் விட்டுப்போனது அவருடைய பயம். என்றைக்காவது பாதை திறக்கும், நான் பாடி முடிப்பேன், பிறகு பாக்கியத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும்.